எப்போது நடுங்குகிறது? – ஒரு பழைய லேண்ட் ரோவருக்கு நாடி பார்த்த அனுபவம்



ஆண்டிதழ் என்றாலே கவிதை, சிறுகதை, மொழி ஆய்வு என்று எதிர்பார்த்துத் திறப்பீர்கள். இம்முறை கொஞ்சம் கிரீஸ் மணக்கும் கட்டுரை ஒன்றையும் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் இயந்திரவியல் மாணவன். வீடு கேமரன்மலையில், ரிங்லெட்டுக்கு அருகே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அப்பா காய்கறித் தோட்டம் பார்க்கிறார்.

கேமரன்மலைக்கு வந்து போனவர்கள் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. எங்கள் வண்டி சீரிஸ் 3 வகையைச் சேர்ந்தது. 1971 முதல் 1985 வரை இவ்வகை தயாரிக்கப்பட்டது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 109 அங்குலம். உடல் அலுமினியம், சட்டகம் இரும்பு, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த இந்த வண்டியைத்தான் எங்கள் வீட்டில் இன்றும் நம்பியிருக்கிறோம்.

சென்ற ஆண்டு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. வண்டி நடுங்கியது. பிரேக்கை அழுத்தினால் வலது பக்கம் இழுத்தது. நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே வலது பக்கம் இழுப்பது என்றால் எதிரே வரும் வண்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது என்று பொருள். ஒரு நாள் காலை தானா ராத்தாவிலிருந்து இறங்கி வரும்போது, ஒரு வளைவில் வண்டி நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் எதிரே எதுவும் வரவில்லை. அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை சில்லிட்டுப் போயிற்று.

அதற்குள் நான்கு மாதங்களில் இரண்டு முறை டயர் பேலன்ஸ் செய்திருந்தோம். ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றியிருந்தோம். முன் பிரேக் ஷூக்களை இரண்டு முறை மாற்றியிருந்தோம். காசு போனது. நடுக்கம் போகவில்லை.

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில், 948ஆம் குறளில், மருத்துவனுக்கு ஒரு வரிசை சொல்கிறார். முதலில் நோய் இன்னதென்று அறிய வேண்டும். பிறகு அது வந்த காரணத்தை அறிய வேண்டும். பிறகு தணிக்கும் வழியை அறிய வேண்டும். அதன் பிறகே, பிழையில்லாமல் செய்ய வேண்டும். நாங்கள் முதல் மூன்று படிகளையும் தாண்டி நான்காவது படியில் நேராகக் குதித்திருந்தோம். அந்தப் பருவ விடுமுறையில் முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்கினோம். அதில் கற்ற பாடத்தையே இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: எப்போது?

வண்டியில் கோளாறு என்றதும் "எங்கே?" என்று தேடத் தோன்றும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி "எப்போது?" என்பதாகும். அப்பாவை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் குறிப்பேட்டுடன் பக்கத்தில் அமர்ந்தேன். பள்ளத்தாக்கில் ஓரளவு நேரான, சமமான சாலைத் துண்டு ஒன்று உண்டு. அதிகாலையில் அங்கே நான்கு சோதனைகள் செய்தோம்.

முதலாவது, நின்ற இடத்திலேயே எஞ்சினை முறுக்கினோம். நடுக்கம் இல்லை. இரண்டாவது, 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மெதுவாக அழுத்தினோம். ஸ்டீரிங் உதறியது, வண்டி வலது பக்கம் போனது. மூன்றாவது, பிரேக்கைத் தொடாமல் 50 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனோம். ஸ்டீரிங் அமைதியாக இருந்தது. ஆனால் காலடித் தகரமும் இருக்கையும் கிர்ரென்று அதிர்ந்தன. நான்காவது, அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்தோம். அதிர்வு அப்படியே இருந்தது. ஆகவே எஞ்சின் குற்றவாளி இல்லை. (நான்காவது சோதனையைச் சரிவில் ஒருபோதும் செய்யக் கூடாது. நியூட்ரலில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவாது.)

குறிப்பேட்டைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அப்பா ஆரம்பத்திலிருந்தே இரண்டு சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பிரேக் புடிச்சா ஒதறுது. ஓடுறப்ப கிர்ருங்குது." பட்டறைக்குப் போகும்போது நான்தான் இரண்டையும் சேர்த்து 'வைப்ரேஷன்' என்று ஒரே சொல்லாக்கிக் கொடுத்திருந்தேன். அவர்கள் ஒரு நோய்க்கு மருந்து தேடினார்கள். வண்டியில் இருந்தவை இரண்டு.

உதறலின் மூலம்

பிரேக் பிடித்தால் மட்டும் ஸ்டீரிங் உதறுகிறது என்றால் முன் சக்கரங்களில் தேட வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன் சக்கரம் ஒன்றை ஜேக்கால் உயர்த்தி, அச்சுக்கு அடியில் தாங்கி வைத்தோம். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது தற்கொலைக்குச் சமம்.

பிறகு சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். வலது சக்கரம் கல்போல் நின்றது. இடது சக்கரம் 'டக்' என்றது. இங்கே நல்ல சோதனை ஒன்று உண்டு. தம்பியை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டிப் பார்த்தேன். 'டக்' மறைந்துவிட்டது. பிரேக் மிதித்தால் டிரம்மும் அதன் பின்தட்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. ஆட்டம் அப்போது மறைந்தால், அது அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சக்கர பேரிங்கின் தளர்ச்சி. பிரேக் மிதித்தும் ஆட்டம் தொடர்ந்தால், சக்கரம் திரும்பும் சுழல் முளையில் தேய்மானம். அதேபோல், சக்கரத்தின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்ச்சி தெரிந்தால், ஸ்டீரிங் கம்பிகளின் மூட்டுகளைப் பார்க்க வேண்டும்.

டிரம்மைக் கழற்றினோம். உள்ளே பிரேக் லைனிங் எண்ணெயில் நனைந்து கறுத்திருந்தது. இங்கேயும் அவசரப்படக் கூடாது. அது எந்த எண்ணெய்? பிரேக் எண்ணெய் என்றால் நீர்த்திருக்கும், தண்ணீரில் கழுவினால் போய்விடும், அது வருமிடம் சக்கர சிலிண்டர். கியர் எண்ணெய் என்றால் கெட்டியாக இருக்கும், கந்தக நெடி அடிக்கும், அது அச்சுக்குள்ளிருந்து ஆயில் சீலைத் தாண்டி வந்தது. எங்கள் டிரம்மில் கந்தக நெடி.

கியர் எண்ணெய் ஊறிய லைனிங்கில் உராய்வு குறைந்துவிடும். இடது சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை, வலது சக்கரம் முழுமையாகப் பிடித்தது. ஆகவே வண்டி வலது பக்கம் திரும்பியது. இழுக்கும் பக்கத்தில்தான் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் எதிர்ப்பக்கச் சக்கரம்தான் வேலை செய்யாமல் இருக்கும்.

சீல் ஏன் கசிந்தது? தளர்ந்த பேரிங்கில் சக்கரம் தள்ளாடும்போது சீலின் உதடு ஒருபக்கமாகத் தேய்கிறது. அது ஒரு காரணம். இரண்டாவது காரணத்தை அச்சின் மேல் கண்டோம். அங்கே சிறிய மூச்சுத் துளை ஒன்று இருக்கிறது. ஓடும்போது அச்சு சூடாகி, உள்ளே காற்று விரியும். அது வெளியேறுவதற்கான வழியே இந்தத் துளை. எங்கள் வண்டியில் தோட்டத்துச் செம்மண் அதைச் சிமெண்டுபோல் அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத காற்று எண்ணெயைச் சீலின் வழியே தள்ளியது. இதற்கு நேர்மாறும் நடக்கும். சூடான அச்சு ஆற்றுநீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வடித்துப் பார்த்தால் எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வரும்.

ஆகவே கண்ணுக்குத் தெரிந்த நோய் பிரேக் ஷூவில் இருந்தது. அதன் முதல், மண் அடைத்த ஒரு துளையிலும் தளர்ந்த ஒரு பேரிங்கிலும் இருந்தது. ஷூவை நூறு முறை மாற்றினாலும் அடுத்த மாதம் எண்ணெய் வந்து நனைத்திருக்கும். பேரிங், சீல், இருபுற லைனிங் ஆகியவற்றை மாற்றி, துளையைச் சுத்தம் செய்தோம். லைனிங்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, இரு பக்கமும் ஒரே அளவு பிடிக்க வேண்டும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடுவதும் வீண் வேலை. டிரம்மின் தூசியை வாயால் ஊதவும் கூடாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

கால் சொல்லும் சேதி

டிரம் பிரேக் உள்ள பழைய வண்டி வைத்திருப்போருக்கு, பிரேக் பெடல் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும். சுருக்கமாகத் தருகிறேன்.

1. பெடல் ஸ்பாஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது.

2. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் உயர்ந்தால் ஷூக்கள் டிரம்மைவிட்டு விலகியிருக்கின்றன. சீரிஸ் வண்டியில் இது தானாகச் சரியாகாது. பின்தட்டில் உள்ள திருகை, சக்கரம் பிடிக்கும்வரை திருப்பி, பிறகு சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும்.

3. காலை அழுத்தியே வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிவு. வெளியே ஈரம் எதுவும் தெரியாவிட்டால், மாஸ்டர் பம்பின் உள் ரப்பர் தேய்ந்திருக்கலாம். அந்த வண்டியை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

4. பெடல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்கத் தயங்கினால் லைனிங் மினுங்கிப் போயிருக்கும் அல்லது எண்ணெய் பட்டிருக்கும். பூஸ்டர் உள்ள வண்டியில் பூஸ்டரையும் பார்க்க வேண்டும்.

5. பெடல் காலுக்கடியில் துடித்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது.

6. மலை இறங்கும்போது மட்டும் பிரேக் படிப்படியாக வலுவிழந்தால் அது வெப்பத்தின் வேலை.

ஆறாவதைப் பற்றி ஒரு சிறு கணக்கு. பாரத்தோடு 2,500 கிலோகிராம் உள்ள வண்டி 300 மீட்டர் உயரம் இறங்கினால், ஏறத்தாழ 7.35 மெகாஜூல் ஆற்றலை எங்கேனும் கழிக்க வேண்டும். சுமார் 22 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு போக அது போதும். கியரைக் குறைத்தால் எஞ்சின் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் பெரும்பகுதியும் பிரேக் டிரம்களுக்கே போகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 140 டிகிரி மட்டுமே. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் வரும், கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. மலையில் வாழ்வோர் பிரேக் எண்ணெயைக் காலத்தோடு மாற்ற வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

மிஞ்சிய அதிர்வு

மறுநாள் ஓட்டிப் பார்த்தோம். பிரேக் நேராகப் பிடித்தது. ஸ்டீரிங் உதறவில்லை. ஆனால் 50 கிலோமீட்டரில் அந்தக் 'கிர்' அப்படியே இருந்தது.

இங்கே எண்ணிக்கை கைகொடுத்தது. எங்கள் டயரின் சுற்றளவு சுமார் 2.5 மீட்டர். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 13.9 மீட்டர் போகிறது. ஆகவே சக்கரம் நொடிக்கு ஐந்தரை முறை சுற்றுகிறது. டயரில் கோளாறு என்றால் அதிர்வும் அந்த வேகத்தில்தான் வர வேண்டும், விரல் விட்டு எண்ணும் அளவுக்கு மெதுவாக. கியர்ப்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் நீண்ட தண்டான புரொப்ஷாஃப்ட், சக்கரத்தைப்போல் 4.7 மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 26 முறை. அதன் இரு முனைகளிலும் உள்ள கிராஸ் ஜாயிண்ட்டில் கோளாறு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு, நொடிக்கு 52. கைப்பேசியில் அதிர்வை அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, இருக்கைக்கு அடியில் தரையில் வைத்து ஓட்டினோம். முகடு ஐம்பதை ஒட்டி நின்றது. டயருக்குச் செலவழித்த காசு அத்தனையும் வீண் என்று அந்த ஒரு கோடு சொல்லிவிட்டது.

முன் தண்டா, பின் தண்டா? முன் சக்கர மையத்தில் உள்ள லாக்கைத் திறந்துவிட்டால் முன் தண்டு சுற்றாது. திறந்துவிட்டு ஓட்டினோம். அதிர்வு போகவில்லை. பின் தண்டுதான்.

"கல்லு வெச்சியா?"

பின் தண்டைக் கழற்ற வீட்டு வாசலில் வண்டிக்கு அடியில் படுத்தேன். வாசல் இலேசான சரிவு. அப்பா வந்து குனிந்து பார்த்தார்.

"கல்லு வெச்சியா?"

"ஹேண்ட்பிரேக் இழுத்துட்டேன்பா."

அவர் மறுபேச்சு பேசாமல் போய், இரண்டு பெரிய கற்களைக் கொண்டு வந்து பின் சக்கரங்களுக்கு அடியில் உதைத்து வைத்தார். நான் சிரித்துக்கொண்டேன். கடைசி போல்ட்டைக் கழற்றித் தண்டை இறக்கியதும், தலைக்கு மேல் வண்டி முனகி, பின்னால் நகர்ந்து, கல்லில் மோதி நின்றது.

சீரிஸ் வண்டியின் ஹேண்ட்பிரேக் சக்கரங்களில் இல்லை. கியர்ப்பெட்டியின் பின்புறம், புரொப்ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு டிரம்மாக இருக்கிறது. அது தண்டைப் பிடிக்கிறது, தண்டு அச்சைப் பிடிக்கிறது, அச்சு சக்கரங்களைப் பிடிக்கிறது. தண்டைக் கழற்றிய கணத்தில் ஹேண்ட்பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடுகிறது. கியரில் போட்டு வைத்தாலும் பயனில்லை. முன் லாக்கையும் சோதனைக்காக நானே திறந்து வைத்திருந்தேன். பின் சக்கரம் ஒன்றை ஜேக்கால் தூக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் மறு திசையில் உருளும். இந்த விளக்கம் அனைத்தையும் நான் பாடமாகப் படித்திருந்தேன். கல் வைத்தவர் அப்பா.

தண்டின் இரு கவைகள்

கழற்றிய தண்டின் மூட்டுகளில் தளர்ச்சி இல்லை. ஆனால் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே திசையைப் பார்க்காமல் ஒன்றுக்கொன்று திரும்பியிருந்தன.

கிராஸ் ஜாயிண்ட் சாய்ந்த நிலையில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனையில் உள்ள ஜாயிண்ட் சமன் செய்துவிடும். அதற்கு இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். தண்டு நடுவில் நீளவும் சுருங்கவும் பற்கள் கொண்ட இரண்டு பகுதிகளாகச் செய்யப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்துச் சேர்க்கும்போது ஓரிரு பல் தள்ளிச் சேர்த்துவிட்டால் சமன் செய்வது நின்று, அதிர்வு தொடங்கும்.

"இதை யார் பிரிச்சா?" என்று கேட்டேன். அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போன லீவுல நீதானே கிரீஸ் போடப் பிரிச்சே. அதுக்கப்புறம்தான் கிர்ருங்குது" என்றார்.

"ஏம்பா முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

எப்போது நடுங்குகிறது என்று கேட்ட நான், எப்போதிருந்து நடுங்குகிறது என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டு முறை பேலன்ஸ் செய்த காசும் ஷாக் அப்சார்பர் வாங்கிய காசும் மிஞ்சியிருக்கும். பட்டறைக்காரர்களைக் குறை சொல்லும் தகுதியும் அன்றோடு எனக்குப் போய்விட்டது. கவைகளை நேராக்கி, அடுத்த முறை தவறாதிருக்க இரு பகுதிகளிலும் வெள்ளைச் சாயத்தால் கோடிட்டு, தண்டை மாட்டினோம். 'கிர்' நின்றது.

நிறைவாக

தமிழ்ப்பள்ளியில் 'உராய்வு' என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அது 'கெசெரான்' ஆனது. பல்கலைக்கழகத்தில் 'ஃபிரிக்ஷன்' ஆனது. மூன்று மொழியில் தெரியும் என்ற பெருமை எனக்கு உண்டு. ஆனால் 'உதறுது' என்பதும் 'கிர்ருங்குது' என்பதும் வேறு வேறு நோய்கள் என்று, எந்தப் பாடநூலும் படிக்காத அப்பாவின் தமிழ் முன்பே பிரித்துச் சொல்லியிருந்தது. அதைக் கேட்டு மொழிபெயர்த்த நான்தான் பொருளைத் தொலைத்தேன்.

எனவே வண்டி வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், தம்பி தங்கைகளுக்கும் என் வேண்டுகோள்: பட்டறைக்குப் போகும்முன் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வேகத்தில்? பிரேக்கோடா, பிரேக் இல்லாமலா? கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? எந்த நாளிலிருந்து? அதற்கு முன்னால் யார் எதைக் கழற்றினார்கள்? அன்றாடம் அந்த வண்டியை ஓட்டுபவர் எந்தச் சொல்லால் சொல்கிறாரோ, அந்தச் சொல்லையே எழுதுங்கள்.

வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன், ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டாலும், கல்லை வையுங்கள்.